மூன்று மழை விழுந்தால்

விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில், பெட்டிக்குள் வைக்கும் விதித்தாளை எழுதுவது என் வேலை. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தாளைப் பிரித்தே பார்ப்பதில்லை. மீதிப்பேர் பிரித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் நீட்டி, "நீயே படிச்சுச் சொல்லு" என்கிறார்கள். என் வீட்டுக்காரர் முதல் வகை. புது இஸ்திரிப் பெட்டி வந்தால்கூடத் தாளை மடித்து, ஆடுகிற மேசைக்கால் அடியில் கொடுத்துவிட்டு, "இதை எப்படிம்மா போடறது?" என்று என்னைக் கேட்பார். அதனால் என் எழுத்தை யாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள் என்ற நினைப்பு எனக்கு இல்லை. ஆனாலும் கர்வம் உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

எங்களிடம் நெடுநாளாக விற்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது, வீடு கட்டுகிற ஆட்டம். பெரிய பலகை, கட்டம் கட்டமாக மனைகள், காய்கள், சின்னச் சின்ன மர வீடுகள். ஆரம்பித்தால் அரைநாள் ஓடும். நடுவில் ஒருவர் தூங்கிவிடுவார், ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார், ஆட்டம் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. "இதையே சுருக்கமா, டீ ஆறுறதுக்குள்ள முடியற மாதிரி பண்ணுங்க" என்று கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படித்தான் பகடை ஆட்டம் வந்தது. பலகை இல்லை, காய் இல்லை, மனை இல்லை. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஆறு பகடை. அவ்வளவுதான்.

பகடையில் எண் கிடையாது, படம்தான். மூன்று பக்கம் செங்கல், ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் கூரை, மிச்சம் ஒரு பக்கம் மழை. செங்கல்லுக்கு ஒரு புள்ளி, கதவுக்கு இரண்டு, கூரைக்கு மூன்று. மழை விழுந்த பகடையை ஒதுக்கி வைத்துவிட வேண்டும், மறுபடி கையில் எடுக்க முடியாது. மற்றதை எல்லாம் திரும்ப உருட்டலாம். உருட்ட உருட்டப் புள்ளி ஏறும். ஆனால் மூன்று மழை சேர்ந்துவிட்டால் வீடு இடிந்தது, அந்த முறை சேர்த்த புள்ளி அத்தனையும் போச்சு. ஐம்பதை முதலில் தொட்டவர் ஜெயித்தவர்.

இதற்குத் தாள் எழுதுவது ஊதித்தள்ளுகிற வேலை என்றுதான் நினைத்தேன். கெடுத்தது தகரப் பெட்டியின் அளவு. தாளைத் தனியாக வைக்க இடமில்லை, மூடியின் உட்பக்கத்தில் ஒட்ட வேண்டும். எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் கத்தரி சார் என்று பெயர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் படிக்கிறாரோ இல்லையோ, பேனாவை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிடுவார். நான் எழுதியதை அவர் வெட்டினார், வெட்டியதை நான் இன்னும் வெட்டினேன். கடைசியில், "இன்னும் ஒரே ஒரு வரிம்மா. அது போயிட்டா மூடியில கச்சிதமா உக்காந்துடும்" என்றார். இடத்துக்குத் திரும்பி, யோசிக்காமல் ஒரு வரியை எடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று முழுவதும் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன். ஒரு சொல் கூட அதிகம் இல்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

எந்தத் தாளும் அச்சுக்குப் போகுமுன் ஒரு சோதனை நடக்கும். நாங்கள் அதை ஊமைச் சோதனை என்போம். ஆட்டத்தைப் பார்த்தே இராத ஒரு குடும்பத்தை அழைத்து வந்து ஓர் அறையில் உட்கார வைப்போம். பெட்டியைக் கையில் கொடுப்போம். எழுதியவர் அதே மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது. அவர்கள் கேள்வி கேட்டால் சுவரைப் பார்க்க வேண்டும். வாங்குகிற வீட்டில் நாம் போய் உட்கார்ந்து விளக்கப்போவதில்லை, தாள்தான் பேச வேண்டும் என்பது கணக்கு. பொறுக்க முடியாமல் போனால் முன்னால் ஒரு மேசைமணி இருக்கும், அதைத் தட்டலாம். தட்டினால் சோதனை அதோடு முடிந்தது, தாள் தோற்றது. நான் இதுவரை தட்டியதில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பழக்கமும் எனக்கு இருந்தது.

அந்த மதியம் வந்தது மூன்று பேர். ஒரு மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு படிக்கிற ஒரு பெண். அம்மாவும் மகளும் கைகழுவப் போனபோது அவர் மட்டும் என்னிடம் வந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா.

"மேடம், ஒரு விஷயம். அது என் சொந்தப் பொண்ணு இல்ல. போன வருஷம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு" என்றார். "அது என்னை ஒண்ணும் சொல்லாது. மரியாதையாத்தான் இருக்கும். ஆனா எதுனாலும் அவங்க அம்மாகிட்ட சொல்லி, அவங்க என்கிட்ட சொல்லணும். நேரா பேசாது. பழைய ஆட்டம் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்னு தெரிஞ்சுது, அதான் இதுக்குப் பேர் கொடுத்தேன். மூணு பேரும் உக்காந்து கொஞ்ச நேரம் சிரிச்சா நல்லா இருக்கும்னு."

நல்ல மனுஷன் என்று தோன்றியது. கூடவே, நம் தாள் இருக்கும்போது இவருக்கு என்ன கவலை என்றும் தோன்றியது.

"ரொம்ப சுலபமான ஆட்டம் சார்" என்றேன். "தாள்ல இருக்கறபடி அப்படியே பண்ணுங்க. வேற எதையும் யோசிக்காதீங்க."

"அது என் தொழிலே மேடம்" என்று சிரித்தார். "சீட்டுல இருக்கறதுக்கு மேல ஒரு மாத்திரை கொடுக்கமாட்டேன்."

மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம், எங்கள் பேச்சு கேட்காத இடத்தில் கத்தரி சார், கையில் அறிக்கை அட்டையோடு. நான் மேசை ஓரத்தில், மணிக்குப் பக்கத்தில். மருந்துக்கடைக்காரர் மூடியைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரக்கப் படித்தார். என் வாக்கியங்கள் ஒன்றுகூடத் தடுக்காமல் அவர் வாயில் ஓடின. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் அம்மா உருட்டினாள். பதினொன்று வந்தது, ஒரு மழை. மறுபடி உருட்டினாள், இன்னொரு மழை, புள்ளி பதினாறு. "போதும்பா, எனக்கு இது போதும்" என்று பகடையை மகள் பக்கம் தள்ளிவிட்டாள். மகள் பின்னலை முதுகுக்குத் தள்ளிக்கொண்டு உருட்டினாள். பத்தொன்பது சேர்ந்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள். அவர் இருவரையும் பார்த்தார், மூடியைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்டுவிட்டார். அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

அவர் முறை வந்தது. ஒன்பது, பதினேழு, இருபத்திரண்டு. இரண்டு மழை ஏற்கெனவே ஒதுங்கிவிட்டது. எந்த மடையனும் அந்த இடத்தில் நிறுத்துவான். அவர் மிச்சம் இருந்த நான்கையும் அள்ளி உருட்டினார். மழை. அத்தனையும் போச்சு.

"ஏங்க, கிடைச்சதை வெச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தப் பெண்ணும் உதட்டைச் சுழித்து லேசாகச் சிரித்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார், முகம் மலர்ந்தது.

அடுத்த சுற்றும் அதே கதை. பன்னிரண்டு, உருட்டினார். பதினெட்டு, உருட்டினார். எல்லாம் போச்சு. அதற்கு அடுத்ததும் அப்படியே. அம்மாவும் மகளும் முப்பதைத் தாண்டிவிட்டார்கள், அவர் கணக்கில் பெரிய பூஜ்யம் ஒன்றுதான் இருந்தது.

"அம்மா, இவருக்கு ரொம்பப் பேராசை" என்றாள் அந்தப் பெண், அவர் அங்கே இல்லாததுபோல.

நானும் அதையேதான் நினைத்தேன். பார்க்கச் சாதுவாக இருக்கிற ஆட்களுக்குள்தான் இப்படி ஒரு பிசாசு குடியிருக்கும் என்று மனதுக்குள் கேலி வேறு செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூசுகிறது.

பிறகு அவருக்கு ஒரு பெரிய ஆட்டம் விழுந்தது. முதல் உருட்டில் மழையே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஒன்று. கூரையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. முப்பதைத் தாண்டினார், முப்பத்தேழு, இரண்டாவது மழை, நாற்பத்து நாலு. அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் அவளையறியாமல் எழுந்து நின்று, மேசைமேல் குனிந்து, அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க" என்றாள். அம்மாவிடம் அல்ல, அவரிடம் நேராக. "நாப்பத்துநாலு. இனிமே உருட்டாதீங்க. எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி போயிட்டீங்க."

அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவது. வருடம் முழுவதும் காத்திருந்த ஒரு வார்த்தை நேராகத் தன்னிடம் வந்ததில் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காக நீ ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேணாம்மா" என்றார் மெதுவாக. "நான் சரியாவே ஆடறேன்." உருட்டினார்.

மழை.

அவள் உட்கார்ந்துவிட்டாள். பின்னலை முன்னால் இழுத்துப்போட்டு அதன் நுனியைப் பார்க்க ஆரம்பித்தாள். "அவ்வளவு சொன்னேன்" என்றாள் பின்னலிடம்.

"இல்லம்மா, நிறுத்தலாம்னு தாள்ல இல்லியே" என்றார் அவர். "கூட்டிக்கிட்டு மீண்டும் உருட்டுங்கன்னுதான் போட்டிருக்கு. மூணு மழை விழறதுக்குள்ள ஒரே மூச்சுல ஐம்பதைத் தொடணும். கஷ்டமான ஆட்டம்தான், ஆனா அதுதான் ஆட்டம். இன்னும் ஆறுதான் இருந்துச்சு, பாரேன்."

மூடி என் பக்கம் தலைகீழாகக் கிடந்தது. தலைகீழாகவே படித்தேன். மழையை ஒதுக்குங்கள். மற்றவற்றின் புள்ளியைக் கூட்டிக்கொண்டு மீண்டும் உருட்டுங்கள். மூன்று மழை சேர்ந்தால் வீடு இடிந்தது. அதற்கு நடுவில், 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி, சேர்த்த புள்ளியை எழுதிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்தது. இருந்தது என்றால், என் தலைக்குள் இருந்தது. மூடியில் கச்சிதமாக உட்காருவதற்காக நான் யோசிக்காமல் எடுத்த வரி அதுதான். இந்த ஆட்டத்தை நூறுதரம் ஆடிப் பார்த்தவள் நான். நிறுத்தலாம் என்பது எனக்கு மூச்சு விடலாம் என்பது மாதிரி. அதனால் அந்த வரி போன இடம் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அவர் தாளில் இருக்கிறபடி அப்படியே செய்தார். செய்யச் சொன்னதும் நான்தான்.

மணி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. தட்டியிருக்க வேண்டும். அந்த நொடியில் தட்டியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம்.

நான் சன்னலைப் பார்த்தேன். கத்தரி சார் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டு பேர் தங்குதடையில்லாமல் ஆடுகிறார்கள், தாள் ஓடுகிறது என்று அர்த்தம். என் கை நகரவில்லை. வேலையின் விதி அது, நடுவில் பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். விதிக்குப் பயந்து நான் உட்கார்ந்திருக்கவில்லை. மணியையே தொடாதவள் என்ற என் பெயருக்காக உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ நானும் அம்மாவும் நிறுத்தினோமே, அது என்ன?" என்றாள் அந்தப் பெண்.

"அது பரவால்லம்மா."

"என்ன பரவால்ல? திருட்டு ஆட்டம்னு சொல்றீங்களா?"

"அய்யோ, நான் அப்படிச் சொல்லலியே."

"முதல்லயே பார்த்தீங்க. நான் நிறுத்தினப்பவே பார்த்தீங்க, எனக்குத் தெரியும். பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம மனசுக்குள்ளயே எண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க. நாங்க ஏமாத்துக்காரங்க, நீங்க ஒருத்தர்தான் யோக்கியம்."

"சின்னப் பொண்ணு ஆடுது, போகட்டும்னு விட்டேன்மா. வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கு யாரும் போகட்டும்னு விட வேணாம்."

"சும்மா இருடி" என்ற அம்மா, அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். நிறுத்தலாம்னு எழுதித்தான் வெக்கணுமா? அதுகூடவா ஒரு மனுஷனுக்குத் தோணாது?" மூடியை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இதோ இருக்கே, எல்லாம் தெளிவாத்தான் இருக்கு" என்று கீழே வைத்தாள். எது இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. சண்டை முடிந்தால் போதும் அவளுக்கு.

அவர் மறுபடி மூடியை எடுத்தார். விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார். உதடு அசைந்தது. முதல் தடவை உரக்கப் படித்தபோது இருந்த தெளிவு இல்லை, தன் கண்ணையே நம்பாதவர்போலத் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மேடம், நிறுத்தலாம்னு எங்கயாவது இருக்கா?"

நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். ஆணி அடித்து எடுத்த ஓட்டை ஒன்று இருந்தது. அவர் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"அவங்களை எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் அந்தப் பெண். "வீட்டுலயும் இப்படித்தான் மேடம். ஃப்ரிட்ஜுக்குள்ள டப்பாக்கு டப்பா லேபிள் ஒட்டி வெச்சிருக்காரு. பால் எந்தத் தேதிக்குள்ள குடிக்கணும், ஜாம் எப்பத் திறந்தது. எல்லாத்துக்கும் ஒரு சீட்டு." பின்னல் நுனியை விரலில் சுற்றினாள். "எங்க அப்பாகூட ஆடினப்போ யாரும் தாளையே படிச்சது இல்ல. சிரிச்சுக்கிட்டே ஆடுவோம்."

அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறமாதிரி குனிந்துகொண்டாள். மருந்துக்கடைக்காரர் ஆறு பகடையையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தகரப் பெட்டியில் அடுக்கினார். எல்லாம் ஒரே பக்கம் மேலே வருகிறமாதிரி, ஒழுங்காக. காது மடல் வரை சிவந்துபோயிருந்தது அவருக்கு. எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் என் கை மடியிலேயே இருந்தது.

கத்தரி சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சோதனை முடிந்தால் அவர் கேட்கிற ஒரே கேள்வி உண்டு. "தாள் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றாள் அம்மா.

"எனக்குப் புரிஞ்சுது" என்றாள் மகள், அந்த 'எனக்கு'வில் ஒரு அழுத்தம் வைத்து.

கத்தரி சார் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் போதும். ஒரு வரி இல்லை சார் என்று சொன்னால் போதும், நானும் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார்.

"தாள் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். "நான்தான் சரியாப் படிக்கல."

கத்தரி சார் அட்டையில் ஒரு கோடு இழுத்தார். அவர்களுக்கு ஆளுக்கொரு நன்றி சொல்லி, சோதனைக்கென்று செய்த பெட்டிகளில் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்து வழியனுப்பினார். படிக்கட்டில் அவர்கள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனதும், "ஒரு ஆள் இப்படி வரத்தான் செய்வாரும்மா. எதைக் கொடுத்தாலும் விளங்காது. மத்தபடி தாள் பிரமாதம். அச்சுக்கு அனுப்பிடலாம்" என்றார். "தேங்க்ஸ் சார்" என்றேன். அப்படிச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்.

அவர் தன் அறைக்குப் போனார். நான் படியில் ஓடினேன்.

பஸ் நிறுத்தம் எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே இருந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் காதுகளில் இயர்போனை மாட்டிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்திருந்தாள். அவர் இரண்டுபேருக்கும் எட்ட, அன்பளிப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

"சார்" என்றேன். மூச்சு வாங்கியது. "நீங்க படிச்சது சரி. நிறுத்தலாம்னு ஒரு வரி இருந்திருக்கணும். அதை நான் எடுத்துட்டேன். தாளை எழுதினது நான்தான்."

அவர் கையில் இருந்த பெட்டியைத் திறந்து, மூடியைத் திருப்பி, இன்னொரு தடவை படித்தார். "அப்போ இதுல இல்ல" என்றார். "எனக்குப் புரியாம இல்ல."

"இல்ல சார். இதுல இல்ல."

"நான் பயந்தே போயிட்டேன் மேடம்" என்றார். "கடையில சீட்டுப் படிச்சு மருந்து கொடுக்கிறவன். இனிமே எப்படின்னு."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு அந்தப் பெண் முன்னால் ஆன அவமானத்தை மட்டும்தான் நான் எண்ணிக்கொண்டு ஓடிவந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அந்த மனுஷன் தன் கண்ணையும் புத்தியையும் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்தப் பெண் காதிலிருந்து ஒன்றைக் கழற்றினாள். "என்னவாம்?"

அவளிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே அவர் கையிலிருந்த மூடியை வாங்கிப் படித்தாள். ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து அவள் அதைப் படிப்பது அப்போதுதான்.

"நீங்க பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க" என்றாள்.

"ஆமா."

"இவரு உங்களைக் கேட்டாரே."

"ஆமாம்மா."

"நான் பேசினது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. அப்பாவைப் பத்தி நான்..." முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைச் சொல்லியே இருக்கமாட்டேன்."

"விடும்மா" என்றார் அவர். "அவங்க வேலை அப்படி. நடுவுல பேசக்கூடாதாம். இவ்வளவு தூரம் ஓடி வந்து சொல்றாங்க இல்ல."

எனக்காக அவர் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பேன். அந்தப் பெண்ணுக்கும் அது தாங்கவில்லை போல. "நீங்க சும்மா இருங்க" என்றாள் அவரிடம். ஆனால் அந்தக் குரல் அறையில் கேட்ட குரல் இல்லை. தன் வீட்டு ஆளை வெளியாள் முன்னால் அடக்குகிற குரல்.

பஸ் வந்தது. அம்மா முதலில் ஏறினாள், பிறகு அவர். அந்தப் பெண் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"உங்க சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எங்ககிட்ட சொல்றது சுலபம்" என்றாள். "நாங்க இனிமே வரப்போறது இல்ல."

கதவு மூடிக்கொண்டது. சன்னல் வழியாக அவர் உட்கார இடம் தேடுவது தெரிந்தது. அவள் பின்னால் போய் அவர் சட்டையை இழுத்து, காலியாக இருந்த இருக்கையைக் காட்டினாள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

திரும்பி வந்து படி ஏறினேன். கத்தரி சார் அறையில் அறிக்கையை முடித்துக் கையெழுத்துப் போட இருந்தார். மேசைமேல் அது திறந்து கிடந்தது. 'ஒருவர் மட்டும் விதிகளைப் புரிந்துகொள்ளவில்லை' என்று எழுதியிருந்தார்.

"சார், தாள்ல ஒரு வரி விட்டுப்போச்சு" என்றேன். "எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்ங்கிற வரி. அவர் ஆடினது சரி. மத்தவங்கதான் ஊகத்துல ஆடினாங்க."

அவர் மூடியை எடுத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார். "அட ஆமா" என்றார். பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "நல்லவேளை, அச்சுக்குப் போறதுக்குள்ள பார்த்தீங்க. இதுக்குத்தான் உங்ககிட்ட கொடுக்கறது. எப்போ கவனிச்சீங்க, இப்பவா?"

ஆமாம் என்றால் முடிந்தது. அவரே பதிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். பாராட்டோடு வெளியே போகலாம்.

"இல்ல சார்" என்றேன். "அவர் ஆடிக்கிட்டு இருக்கும்போதே."

கத்தரி சார் பேனாவைக் கீழே வைத்தார்.